நண்பருக்குப் பிணை நின்றேன். 7 ஆண்டு கழித்து என்மீது வழக்குப் போட முடியுமா?

2017 இல் வெள்ளவத்தையில் கையெழுத்திட்டதாகவும், நண்பர் ஓராண்டில் தவணையை நிறுத்திவிட்டதாகவும், கோரிக்கைக் கடிதம் இப்போதுதான் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். '6 ஆண்டு போனால் கடன் போச்சு' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது பாதி உண்மை.

இலங்கையில் வழக்குப் போடுவதற்கான கால எல்லையை (காலவிதிப்பு) ஆள்வது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, வாய்மொழிக்கு 3. ஈட்டு உறுதிக்கு (அடமானப் பத்திரம்) 10.

சிக்கல், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான். நண்பர் தவணை தவறிய நாள் உங்களுக்கும் தொடக்க நாளாக இருக்க வேண்டியதில்லை. பிணைப் பத்திரத்தில் 'கோரியதும் செலுத்துவேன்' என்றிருந்தால், பொதுவாக உங்களிடம் கோரிய நாளிலிருந்தே காலம் ஓடும். வங்கிகளின் அச்சுப் படிவங்களில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும். கையெழுத்திடும்போது யார் வாசிக்கிறோம்! 'முதலில் கடனாளியிடம் கேளுங்கள்' என்று சொல்லும் உரிமையையும் வழக்கமாக அதே தாளில் விட்டுக்கொடுத்திருப்போம்.

பதறிப்போய்ச் சிறு தொகை கட்டிவிடாதீர்கள், 'தருகிறேன்' என்று கடிதமும் கொடுக்காதீர்கள்: முடிந்துபோன காலம் மீண்டும் தொடங்கக்கூடும். பத்திரத்தின் பிரதியோடு சட்டத்தரணியைப் பாருங்கள். வழக்கு வந்தால், காலவிதிப்பை நீதிமன்றத்துக்கு நீங்கள் எழுத்தில் கொடுக்கும் மறுமொழியிலேயே எழுப்ப வேண்டும். நீதிமன்றம் தானாக எடுத்துத் தராது.