தடாவிலிருந்து தண்டையார்பேட்டை: இன்று ராத்திரியே வேண்டாம்

இவ்வளவு தூரம் தனியாக பைக் ஓட்டி வந்துவிட்டு, ஆந்திர எல்லையிலுள்ள தடாவில் செயின் கடகடவென்கிறது, ராத்திரியே வடசென்னைத் தண்டையார்பேட்டைக்குப் போய்விடலாமா என்கிறீர்கள். வேண்டாம் நண்பரே, தங்கிவிடுங்கள்.

காலையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். செயின் ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தொங்கும். இறுகும் இடத்தில் வைத்துத்தான் தளர்வை, அதாவது செயின் மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்பதை, அளக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்பது பைக்கின் கையேட்டில் இருக்கும். ஆக்சில் (பின்சக்கர அச்சு) நட்டைத் தளர்த்திச் சரிசெய்யும்போது, சக்கரத்தின் இரண்டு பக்கமும் உள்ள அளவுக் குறிகள் ஒரே அளவில் நிற்கட்டும். செயினின் கணு (லிங்க்) ஏதாவது நிமிராமல் மடங்கியே நின்றால் செயின் போச்சு, மெக்கானிக்கைத் தேடுங்கள்.

அப்புறம், மீஞ்சூர், மணலி பக்கம் திரும்பாதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் நடுவே, சோர்ந்த உடம்போடு மாட்டிக்கொள்வீர்கள். செங்குன்றம், மாதவரம், மூலக்கடை, வியாசர்பாடி என்று ஜிஎன்டி (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலையிலேயே வாருங்கள்.