காலாங் விளையாட்டு நடுவம்: யார் காசு, யார் கணக்கு? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இருபது வருடத்துக்கு மேல் பொது விளையாட்டுக் கூடங்களின் வரவு செலவு பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். காலாங்கில் தேசிய அரங்கம், உள்ளரங்கம் எல்லாம் சேர்ந்திருக்கும் சிங்கப்பூர் விளையாட்டு நடுவத்தில் வேலை செய்ததில்லை, அதனால் உள்ளே நடந்த கதை எதையும் எதிர்பார்க்காதீர்கள். நாடாளுமன்றத்தில் சொன்னது, செய்தியில் வந்தது, அப்புறம் இந்தத் தொழிலில் காசு எப்படி ஓடும் என்று பார்த்துப் பழகியது, இவ்வளவுதான் என் கையிருப்பு. வெள்ளி என்றால் எல்லா இடத்திலும் சிங்கப்பூர் வெள்ளி.

கேள்வி: அண்ணே, இது அரசாங்கத்துடையதா, தனியாருடையதா? கடையில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள்.

நாலு பேரும் ஏதோ ஒரு வருடத்தைப் பொறுத்தவரை சரிதான். 2010இல் ஸ்போர்ட்ஸ்ஹப் என்ற தனியார் கூட்டு நிறுவனத்தோடு 25 வருட ஒப்பந்தம் போட்டார்கள். வடிவமைப்பது, கட்டுவது, அதற்குக் கடன் வாங்குவது, கட்டிய பின் நடத்துவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கட்ட ஆன செலவு சுமார் 1.33 பில்லியன் வெள்ளி, 2014இல் திறந்தது. ஒப்பந்தம் 2035 வரை ஓடியிருக்க வேண்டும். 2022 ஜூனில் அரசாங்கம் முடித்துக்கொள்வதாக அறிவித்து, அந்த வருடம் டிசம்பர் 9ஆம் தேதி அரசாங்கத்தின் விளையாட்டு வாரியமான ஸ்போர்ட் சிங்கப்பூர் எடுத்துக்கொண்டது. இப்போது நடத்துவது அதன் கீழுள்ள நிறுவனம். ஆக, இன்றைக்குப் பொதுச்சொத்து, நடத்துவதும் பொதுத்துறை.

கேள்வி: தனியார்தான் கட்டினார்கள் என்றால் அரசாங்கத்துக்கு என்ன செலவு? இலவசமாக ஒரு அரங்கம் கிடைத்த மாதிரிதானே?

இல்லை தம்பி. பலரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வீட்டை நீங்கள் ரொக்கம் கொடுத்துக் கட்டினாலும், இன்னொருவர் கட்டி உங்களிடம் மாதாமாதம் வாங்கினாலும், கடைசியில் கொடுப்பது நீங்கள்தான். இங்கே ஒப்பந்தப்படி அரசாங்கம் கொடுக்க வேண்டிய ஆண்டுக் கட்டணம் 193.7 மில்லியன் வெள்ளியாக இருந்தது. 365ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 530,000 வெள்ளி சொச்சம், நிகழ்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதில் கட்டடக் கடனை அடைப்பது, வட்டி, பராமரிப்பு, ஊழியர், முதலீட்டாளர் லாபம் எல்லாம் அடக்கம்.

இந்த வகை ஒப்பந்தத்தில் கட்டணம் எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். கூரை ஒழுகாமல், விளக்கு எரிந்து, கழிப்பறை சுத்தமாக, அரங்கம் பயன்படுத்தத் தயார் நிலையில் இருப்பதற்கு. உள்ளே எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பள்ளி ஓடியது என்பதற்கு அல்ல. நான் முன்பு கணக்குப் பார்த்த ஒரு கூடத்தில் (பெயர் வேண்டாம்) குத்தகைக்காரர் விளக்கு போனால் 24 மணி நேரத்தில் மாற்றிவிடுவார், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வார நாள்களில் பூப்பந்துத் திடல்கள் காற்று வாங்கிக்கொண்டிருக்கும், அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. ஏன் இருக்க வேண்டும்? ஒப்பந்தத்தில் விளக்குதான் இருந்தது, ஆள் இல்லை.

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை படிக்கிறேன். முதலில் ஏன் தனியாரிடம் கொடுத்தார்கள், சார்? அரசாங்கத்திடம் காசா இல்லை?

காசு இருந்ததம்மா. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இதுதான் வழக்கம்: கட்டுமானம் இழுத்தடித்தாலோ செலவு ஏறினாலோ அடி தனியாருக்கு விழட்டும், வடிவமைப்பவரே நடத்தவும் வேண்டுமென்றால் பராமரிக்கச் சுலபமாகக் கட்டுவார். யோசனை தப்பில்லை. ஆனால் நேரம் சரியில்லை. 2008இல் ஆளைத் தேர்ந்தெடுத்ததும் உலக நிதி நெருக்கடி வந்தது, வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன, ஒப்பந்தம் கையெழுத்தாக 2010 ஆகிவிட்டது. பழைய அரங்கத்தை 2007இலேயே அதிகாரபூர்வமாக மூடியாயிற்று, ஆனால் இந்த இழுபறியால் அதில் 2010வரை ஆட்டங்கள் தொடர்ந்தன. புதியது திறக்க 2014 ஆனது.

கட்டும் அபாயத்தைத் தள்ளிவிட்டார்கள், சரி. அதோடு சேர்த்து நாட்காட்டியையும் கொடுத்துவிட்டார்கள், என் பார்வையில் பிரச்சினையே அதுதான். எந்த நாளில் எது நடக்கும் என்பதை வியாபாரக் கணக்குப் பார்ப்பவர் முடிவு செய்வார். தேசிய தின அணிவகுப்பை 2016இல் அங்கே நடத்தியபோது ஞாபகம் இருக்கிறதா? ஒத்திகை, மேடை எல்லாம் சேர்த்து பல வாரம் அரங்கம் வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியதற்கு மேல் வேண்டிய நாள்களுக்கு எவ்வளவு தருவது என்று பேரம் பேச வேண்டி வந்தது. தன் பிறந்தநாளைக் கொண்டாட ஒரு நாடு தன் அரங்கத்துக்கே வாடகை பேசியது! அடுத்த வருடம் அணிவகுப்பு மரினா பேக்குத் திரும்பிப் போனது.

கேள்வி: ஒப்பந்தத்தை முறிக்க 1.5 பில்லியன் கொடுத்தார்களே, அது நம் வரிப்பணத்தில் கட்டிய அபராதம்தானே?

சுமார் 1.5 பில்லியன் என்பது சரி. அபராதம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தைப் பாதியில் நிறுத்தினால் மீதி வருடங்களின் சந்தை மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதியிருந்தது, அந்தக் கணக்குப்படி வந்த தொகை. 2035 வரை தொடர்ந்திருந்தால் ஆகும் செலவைவிட இது அதிகமாகாது என்பது அப்போதைய அமைச்சர் எட்வின் டோங் தந்த விளக்கம்.

நான் பென்சிலை எடுத்துப் போட்ட கணக்கு இது, துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். மீதி பன்னிரண்டரை வருடம், வருடத்துக்கு 193.7 மில்லியன் என்றால் சுமார் 2.4 பில்லியன். 1.5ஐக் கழித்தால் 0.9 மீதி. அதைப் பன்னிரண்டரையால் வகுத்தால் வருடத்துக்கு எழுபது மில்லியன் சொச்சம். நிகழ்ச்சி வருமானம் போக அரசாங்கத்தின் கையிலிருந்து அதற்குள் ஓட்ட முடிந்தால் நஷ்டமில்லை, அதற்கு மேல் போனால் நஷ்டம். இன்றைக்குக் கொடுக்கும் ஒரு வெள்ளி பத்து வருடம் கழித்துக் கொடுக்கும் வெள்ளியைவிடக் கனமானது என்பதையும் சேர்த்தால் இன்னும் இறுக்கம்தான். ஆக, பணம் மிச்சமாகிறது என்பதற்காக எடுத்த முடிவு இது அல்ல. நாட்காட்டியைத் திரும்ப வாங்கினார்கள். அந்த விலைக்கு அது தகுமா என்று கேட்டால், நான் தகும் என்பேன், என் மனைவி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: ஆரம்பத்தில் புல் ஏன் அவ்வளவு கேவலமாக இருந்தது?

பல்நோக்கு என்ற ஒரு சொல்லுக்கு நாம் கொடுத்த விலை. 55,000 பேர் உட்காரும் அரங்கம், மேலே 310 மீட்டர் அகலக் குவிமாடம், திறந்து மூடும் கூரை, காற்பந்து, ரக்பி, கிரிக்கெட், திடல்தடம் எதற்கு வேண்டுமோ அதற்கேற்ப முன்னும் பின்னும் நகரும் இருக்கைகள். பார்க்க அழகுதான். ஆனால் புல்லுக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும், அதன் தலையில் யாரும் மேடை கட்டாமல் இருக்க வேண்டும். 2014 அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் ஆடியபோது திடலில் புல்லைவிட மணல்தான் அதிகம் தெரிந்தது (நெய்மாருக்கு அது தடையாக இல்லை, நாலு கோல் போட்டார்). 2015இல் வேறு வகைப் புல்லுக்கு மாறினார்கள்.

கணக்குக்காரனாக எனக்குப் பட்டது: ஓர் அரங்கம் எத்தனை வேலைக்குப் பயன்படுமோ அத்தனை முறை மாற்றும் செலவு வரும். இருக்கையை நகர்த்த ஆள், மின்சாரம், வாடகைக்கு விட முடியாத நாள்கள். திட்டம் போடும்போது வருமானப் பக்கத்தில் ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியாக எழுதுவார்கள், இந்தக் காலி நாள்களைச் செலவுப் பக்கத்தில் எழுத மறந்துவிடுவார்கள்.

கேள்வி: டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு நாள், கோல்ட்பிளே ஆறு நாள்! இப்போது லாபம் கொட்டுமே?

2024 ஜனவரியில் கோல்ட்பிளே, மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட். அவருக்கு மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் டிக்கெட். ஆனால் டிக்கெட் காசு அரங்கத்துக்கு வருவதாக நினைக்காதீர்கள். பெரும்பகுதி பாடகருக்கும் ஏற்பாட்டாளருக்கும் போகும். அரங்கத்துக்கு வாடகை, சாப்பாட்டுக் கடைகளில் ஒரு பங்கு, இந்த மாதிரிதான். உண்மையான வருமானம் ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் உணவகத்துக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் செலவழித்தது நாட்டுக்குப் புது வரவு. இங்கேயே ஈசூனிலிருந்து வந்தவர் செலவழித்தது, எப்படியும் வேறொரு சனிக்கிழமை வேறெங்கோ செலவாகியிருக்கும் காசு.

அப்புறம், ஸ்விஃப்ட் நிகழ்ச்சிக்கு அரசாங்கம் மானியமும் கொடுத்தது. தொகையைச் சொல்லவில்லை, வெளியே பேசப்பட்ட அளவுக்கு இல்லை என்று மட்டும் சொன்னார்கள். அப்போதைய தாய்லாந்துப் பிரதமர் அதைப் பொதுமேடையில் பேசி, அக்கம்பக்கத்து நாடுகளுக்குக் கொஞ்சம் வருத்தம். வியாபார ரகசியம் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. பொதுப்பணம் என்றால் சில வருடம் கழித்தாவது தொகையை வெளியிடலாம் என்று தோன்றுகிறது.

கேள்வி: அரசாங்கம் எடுத்துக்கொண்டும் என்ன பிரயோஜனம்? நம் காற்பந்துக் குழுவுக்கே இடமில்லை!

உங்கள் கோபம் நியாயம். 2024 டிசம்பர் ஆசியான் கிண்ண அரையிறுதியில் வியட்நாமுடன் முதல் ஆட்டத்தை 6,000 பேர் உட்காரும் ஜாலான் புசாரில் வைத்தார்கள். தேசிய அரங்கம் ஓர் இசை நிகழ்ச்சிக்கு முன்பே போய்விட்டது. டிக்கெட் கிடைக்காமல் நானும் வீட்டில்தான் பார்த்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பெரிய பாடகர்கள் ஒரு வருடத்துக்கு முன்பே தேதி பூட்டிவிடுவார்கள், நம் குழு அரையிறுதிக்கு வருமா என்று ஒரு வாரம் முன்புவரைகூடத் தெரியாது. வராது என்று பந்தயம் கட்டியவர்களைப் பெரிதாகக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அப்படிப்பட்ட தேதிகளைச் சும்மா பிடித்துவைப்பதற்குத்தான் பொது உடைமை. அதற்கு ஒரு விலை உண்டு, இழந்த வாடகை. அதை விளையாட்டுச் செலவு என்று பட்ஜெட்டில் வெளிப்படையாக எழுதிவிட்டால், அரங்கத்தை நடத்துபவர்மேல் நஷ்டப் பழி விழாது. அவரிடம் லாபமும் காட்டு, சிங்கங்களுக்கு (நம் தேசியக் காற்பந்துக் குழுவுக்கு) இடமும் வை என்று ஒரே நேரத்தில் சொன்னால் பாடகர்தான் ஜெயிப்பார்.

கேள்வி: பழைய தேசிய அரங்கம் எப்படி நடந்தது, தாத்தா? அப்பா அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

தாத்தாவா! சரி, இருக்கட்டும். 1973இல் லீ குவான் இயூ திறந்துவைத்தார். கட்டுவதற்குப் பணம் சேர்க்கத்தான் சிங்கப்பூர் பூல்ஸ் 1969இல் சிங்கப்பூர் ஸ்வீப் லாட்டரியைத் தொடங்கியது. ஆக, பரிசு விழாமல் போன நம் பெரியவர்கள் ஆளுக்கொரு செங்கல் கொடுத்தவர்கள்தான். கூரை கிடையாது, குளிரூட்டி கிடையாது, சிமெண்ட் படிக்கட்டு. பராமரிக்க மலிவு. நம் காற்பந்து வீரர் சுந்தரமூர்த்தி பந்தோடு திரும்பினால் எழும் சத்தம் இருக்கிறதே, அதற்குக் கணக்கேட்டில் பத்தி இல்லை.

கேள்வி: புதிதாக 18,000 பேருக்கு உள்ளரங்கம் வருகிறதாமே, இருப்பது போதாதா?

2025 மார்ச்சில் அறிவித்தார்கள், குறைந்தது 18,000 இருக்கை. இப்போதிருக்கும் உள்ளரங்கம் 1989இல் திறந்தது, 12,000 பேர்தான். 12,000க்கும் 55,000க்கும் நடுவில் ஒன்றுமில்லை என்பது உண்மையான குறை. நடுத்தரக் கூட்டம் இழுக்கும் நிகழ்ச்சிகளை அங்கே அனுப்பினால் பெரிய அரங்கத்தின் புல்லும் கொஞ்சம் மூச்சு விடும்.

நான் பார்க்கப்போவது ஒரே வரிதான்: கூரை, குளிரூட்டி, மின்தூக்கி இவற்றை இருபதாவது வருடத்தில் மாற்ற, முதல் வருடத்திலிருந்தே தனியாகப் பணம் ஒதுக்குகிறார்களா? சியாட்டலில் கிங்டோம் என்று ஓர் அரங்கம், 1976இல் திறந்து, 2000இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் கடன் தீர்ந்தது 2015இல். பதினைந்து வருடம் இல்லாத கட்டடத்துக்குத் தவணை கட்டினார்கள். மொன்றியல் ஒலிம்பிக் அரங்கத்தின் கடனை அடைக்க 1976இலிருந்து 2006வரை முப்பது வருடம் ஆனது, அதற்கு சிகரெட்டுக்கு வரி போட்டார்கள். ஊரே புகைத்துத் தள்ளியும் முப்பது வருடம்.

கேள்வி: இவ்வளவு காசு போட்ட இடத்தில் எங்களை மாதிரி சாதாரண ஆள் இலவசமாக என்ன செய்யலாம், அங்கிள்?

அரங்கத்தைச் சுற்றி கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, ஓடலாம், கட்டணம் இல்லை, மழை வந்தாலும் நனையாது. ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரே. நிகழ்ச்சி நாளில் மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் நடக்கக்கூட முடியாது.