கீமோ மருந்து கசிந்து கை புண்ணானது: வழக்கு எதில் நிற்கும்?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ. இரண்டாவது தவணையில் டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து கசிந்து புறங்கை வீங்கிவிட்டது. எரிகிறது என்று அம்மா கத்தியும், போனில் இருந்த நர்ஸ் மெதுவாகத்தான் வந்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். டாக்டர் மறுநாள் வந்து, முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. ஐந்து மாதமாகிறது. தோல் கறுத்துப் புண்ணாகி, ஒட்டு சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். இலவசமாகவே செய்து தருகிறார்களாம். போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போனையும் டாக்டரின் முகத்தையும் விடுங்கள். இரண்டுக்கும் இழப்பீடு கிடையாது. மருந்து கசிந்ததே அலட்சியம் என்றும் வாதிட முடியாது. தேர்ந்த கையிலும் கசியும், சம்மதப் படிவத்தில் அதையும் எழுதி வாங்கியிருப்பார்கள்.

உங்கள் வழக்கு ஒரே வரியில் இருக்கிறது: வெந்நீர் ஒத்தடம். டாக்சோரூபிசின் கசிந்தால் டிரிப்பை நிறுத்தி, ஊசியைப் பிடுங்காமல் அதன் வழியே முடிந்த மருந்தை உறிஞ்சி எடுத்து, ஐஸ் ஒத்தடம் வைக்க வேண்டும். சூடு வைப்பது வின்கிரிஸ்டின் வகை மருந்துகளுக்கு. இங்கே சூடு பட்டால் மருந்து இன்னும் பரவும். 6 மணி நேரத்துக்குள் போட வேண்டிய முறிவு மருந்தான டெக்ஸ்ராசாக்ஸேன் ஏன் போடவில்லை என்றால், கையிருப்பில் இல்லை என்பார்கள், அதில் இழுபறி உண்டு. சூடு வைத்ததற்குச் சமாதானம் சொல்வது கஷ்டம்.

ஆனால் ஒத்தடம் கொடுத்ததை நிரூபிப்பது நீங்கள்தான். என்னிடம் வந்த பலர் கோட்டை விட்ட இடம் இது. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வைத்துக்கொண்டு வருவார்கள். அதில் 'ரத்தக்குழாய் அழற்சி' என்றிருக்கும், கசிவு என்ற பேச்சே இருக்காது. உங்களுக்கு வேண்டியது அன்றைய நர்ஸிங் சார்ட்: எத்தனை மணிக்கு வலி சொன்னார், எப்போது நிறுத்தினார்கள், என்ன வைத்தார்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிகள். வக்கீல் நோட்டீஸுக்கு முன்பே கேளுங்கள். நோட்டீஸ் போன பிறகு வரும் சார்ட் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் அழகாக இருக்கும்.

அடுத்த கண்ணி அந்த இலவச ஆபரேஷன். அட்மிஷன் நேரத்தில் பத்துப் படிவங்களோடு ஒன்றாக, 'சிகிச்சையில் முழுத் திருப்தி, எந்தக் கோரிக்கையும் இல்லை' என்றொரு தாளும் நீளும். பதற்றத்தில் மகன் கையெழுத்துப் போடுவார். பிறகு நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

போலீஸ் வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னபடி, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் அது குற்றமாகும், வேறொரு டாக்டரின் கருத்தும் வேண்டும். புகார் மூடப்பட்டால் அந்த அறிக்கையையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். அம்மாவுக்குக் கீமோ இன்னும் பாக்கியிருக்கும், நுகர்வோர் வழக்கோ வருடக்கணக்கில் ஓடும். வெளியில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டி, விரல்கள் எவ்வளவு மடங்கும் என்று எழுதி வாங்கிய பிறகு தொகை பேசுங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக, நுகர்வோர் வழக்குப் போடுவதற்கான 2 ஆண்டுக் கெடு நிற்காது. ஒன்றரை ஆண்டில் பணம் கைக்கு வராவிட்டால் மனுவைப் போட்டுவிடுங்கள், பேச்சு அப்புறமும் தொடரலாம்.