ஏற்காட்டில் எங்கள் விடுதி வைஃபைக்குத் தனியாக டிஎச்சிபி சர்வர் போடலாமா?

இருபது அறை, வார நாட்களில் பிரச்சினை இல்லை, சனிக்கிழமை மதியம் ஆனால் புதிதாக வந்தவர்களின் போன் ஐபி முகவரி கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு சர்வராக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். டிஎச்சிபி சர்வர் என்பது வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுப்பது. சேலத்திலும் மலை மேலும் விடுதிகளுக்கு நெட்வொர்க் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் முடிவு செய்ய வேண்டியது லீஸ் நேரம், அதாவது கொடுத்த முகவரி எவ்வளவு நேரம் ஒரு போனின் பெயரில் இருக்கும் என்பது. பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரம் என்றே இருக்கும். காலையில் அறையைக் காலி செய்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவர் போன், முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. மறுநாள் வரை அது அவர் பெயரிலேயே கிடக்கும். மதியம் வருகிறவருக்கு எங்கிருந்து கொடுப்பது? வருவதும் போவதுமாக இருக்கும் இடத்துக்கு 2 மணி நேரம் போதும். தங்கியிருப்பவர்களுக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. பாதி நேரம் கடந்ததும் போன் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

அப்புறம் முகவரிகளைப் பிரியுங்கள். ரவுட்டருக்கு 192.168.10.1, சர்வருக்கு 192.168.10.2, சர்வரின் முகவரியைக் கையால் நிலையாகப் போட வேண்டும். கடைசி எண் 29 வரை கேமரா, பிரிண்டருக்கு. 30 முதல் 250 வரை விருந்தினருக்கு விட்டால் 221 முகவரி, உங்களுக்குத் தாராளம்.

சர்வரில் முகவரி கொடுக்கும் வேலைக்கு டிஎன்எஸ்மாஸ்க் (dnsmasq) என்ற சிறிய மென்பொருள் போதும். பழைய பயிற்சிக் குறிப்புகள் பலவும் ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வரைப் போடச் சொல்லும். அதன் பராமரிப்பை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த கியா (Kea) என்ற மென்பொருள் நல்லதுதான், ஆனால் ஒரு விடுதிக்கு அவ்வளவு தேவையில்லை. டிஎன்எஸ்மாஸ்கில் ஒரு விஷயம் கவனம்: நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், இணையத்துக்குப் போகும் கேட்வே என்று தன் முகவரியையே கொடுக்கும். ரவுட்டரின் முகவரியைக் கேட்வேயாகக் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வைஃபை இணையும், நெட் வராது.

சர்வர் ஓட ஆரம்பித்ததும் ரவுட்டரில் உள்ள டிஎச்சிபியை அணைத்துவிட வேண்டும். இதில்தான் ஏற்காட்டு விடுதிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். பழைய பங்களாக்களின் கல் சுவரைத் தாண்டி சிக்னல் போகாது என்று மூலைக்கு மூலை சின்ன ரவுட்டர் மாட்டியிருப்பார்கள். அவை ஒவ்வொன்றும் தானும் முகவரி கொடுக்கும். போன் பொதுவாக முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும், அது யாரிடமிருந்து வந்தது என்று பார்க்காது. ஒவ்வொரு அறையிலும் நின்று போனின் வைஃபை விவரத்தைத் திறந்து பாருங்கள். கேட்வே 192.168.10.1 என்று இல்லாமல் 192.168.0.1 என்று இருந்தால், பக்கத்தில் ஒரு ரவுட்டர் தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வான் (WAN, வெளி இணைப்புக்கான) துளையிலிருந்து எடுத்து லான் (LAN, உள் நெட்வொர்க்குக்கான) துளையில் செருகுங்கள். அதற்கும் 29-க்குள் ஒரு முகவரி கொடுத்துவிடுங்கள்.

சர்வரையும் நெட்வொர்க் கேபிள்கள் சேரும் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள், மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் டிஎன்எஸ்மாஸ்கின் லீஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு சாதனத்துக்கு ஒரு வரி இருக்கும். வரிகள் 200-ஐ நெருங்கினால் லீஸை 1 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம்.