வாடகைக்கு விட முதல் வீடு வாங்குவோருக்கு: வரியும் செலவும் – கேள்வி பதில்

முதன்முறையாக வீடு வாங்கி வாடகைக்கு விட எண்ணுவோரின் கேள்விகள் சிலவற்றுக்கு, வாடகை வீடுகளின் வரவு செலவைப் பல ஆண்டுகளாக எழுதிவருபவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, வரும் வாடகை வங்கித் தவணையைவிடக் கூடுதலாகவே இருக்கும் போலிருக்கிறது. துணிந்து வாங்கலாமா?

பதில்: அந்த ஒப்பீடு மட்டும் போதாது. ஓராண்டு வாடகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலே ஏறத்தாழ 8 பங்கு போய்விடும். சொத்து வரி, காப்பீடு, பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றுக்கு 15, பழுதுபார்க்க 10 என்று கழித்தால் மிஞ்சுவது 67. அதில் தவணைக்கு 60 போனால் கையில் நிற்பது 7 பங்குதான். அந்த 60-இல் வட்டி 42, அசல் 18 என்றால், அசலைச் செலவாகக் காட்ட முடியாது என்பதால், மற்ற செலவுகளை முழுமையாகக் கழிக்க அனுமதிக்கும் நாட்டில்கூட, தேய்மானத்தை (கட்டடம் பழையதாவதற்காக ஆண்டுதோறும் கழிக்கும் மதிப்பு) சேர்க்காதவரை, வரிக்கு உட்படும் வருமானம் 25 ஆகிவிடுகிறது. 30 விழுக்காடு வரி கட்டுபவர் என்றால் வரி ஏழரைப் பங்கு. கையிலிருந்த 7-ஐயும் கொடுத்துவிட்டு, அரைப் பங்கைச் சம்பளத்திலிருந்து போட வேண்டும். விலை பேசுவதற்கு முன்பே இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகு போட்டுவிட்டுத் தவித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டுக்குச் செய்யும் செலவு எல்லாவற்றையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாமா?

பதில்: இது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில், உரிமையாளர் கட்டிய சொத்து வரி போக மீதமுள்ள வாடகையில் 30 விழுக்காடு தானாகவே கழிக்கப்படும். அதற்கு ரசீது தேவையில்லை, ஆனால் பழுதுபார்க்க அதைவிடக் கூடுதலாகச் செலவழித்தாலும் கூடுதல் கழிவு கிடையாது. கடன் வட்டிக்குத் தனிக் கழிவு உண்டு. பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல், குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விடும் தனிநபர்கள் கடன் வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. அந்த வட்டியில் 20 விழுக்காடு அளவுக்கான வரிக் குறைப்பு மட்டுமே உண்டு என்பதால், 40 விழுக்காடு வரி கட்டுபவருக்குச் சுமை கூடியது. ஆகவே அயல்நாட்டில் இருக்கும் உறவினர் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மராமத்து வேலைக்கும் மேம்பாட்டு வேலைக்கும் என்ன வேறுபாடு?

பதில்: ஒழுகும் குழாயை மாற்றுவது மராமத்து, புதிதாக ஒரு குளியலறை கட்டுவது மேம்பாடு. உண்மைச் செலவைக் கழிக்க அனுமதிக்கும் நாடுகளில் முன்னது பொதுவாக அந்த ஆண்டே செலவாகும். பின்னது வீட்டின் அடக்க விலையோடு சேர்ந்து, பல ஆண்டுகளில் தேய்மானமாகவோ விற்கும்போதோதான் கணக்கில் வரும். என் கைக்கு ஒருமுறை வந்த ரசீதில் ‘வீட்டு வேலை, மொத்தம்’ என்று ஒரே வரி இருந்தது. குழாய் மாற்றியது, சுவர் எழுப்பியது, சாயம் பூசியது எல்லாம் அதற்குள் அடங்கியிருந்ததால், எதையும் பிரித்துக் காட்ட இயலவில்லை. பணம் கொடுக்கும்போதே தனித்தனி ரசீது கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: குடியிருப்பவர் தரும் அட்வான்ஸ் வருமானமா?

பதில்: திருப்பித் தர வேண்டிய தொகையாக இருக்கும்வரை பொதுவாக அது வருமானம் அன்று. வாடகை பாக்கிக்காகப் பிடித்துக்கொண்டால் வருமானமாகும்.

கேள்வி: தேய்மானம் என்பது கையைவிட்டுப் போகாத பணம்தானே? அதைக் காட்டாமல் விட்டால் என்ன?

பதில்: விடாதீர்கள். அமெரிக்காவில் குடியிருப்புக் கட்டடத்தின் விலையை இருபத்தேழரை ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கலாம். நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. விற்கும்போது, கழித்த தேய்மானத்துக்கு ஈடான ஆதாயத்தின் மீது அதிகபட்சம் 25 விழுக்காடு வரை வரி வரும். நீங்கள் கழிக்காமல் விட்டிருந்தாலும், கழித்திருக்க வேண்டிய தொகையை வைத்தே அந்த ஆதாயத்தைக் கணக்கிடுவார்கள். சலுகையையும் இழந்து வரியையும் கட்டும் நிலை அது.

கேள்வி: எந்தக் காகிதங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

பதில்: ஆண்டுக் கணக்குக்கான ரசீதுகளை உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் காலம்வரை வையுங்கள். கிரயப் பத்திரம், பதிவுச் செலவு, மேம்பாட்டு வேலைக்கான ரசீதுகள் ஆகியவற்றை வீட்டை விற்று அந்த ஆண்டின் வரிக்கணக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். விற்பனை ஆதாயத்தைக் குறைத்துக் காட்ட உங்களிடம் இருக்கும் சான்று அவைதான்.