திதி சூனியமும் செய்வினையும் ஒன்றல்ல

கேள்வி: மகளுக்கு வரன் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் ஜாதகத்தில் ‘திதி சூனிய ராசிகள்: துலாம், மகரம்’ என்று இருக்கிறது. தரகர் அதைப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்கு யாரோ சூனியம் வெச்சிருக்காங்க, எடுக்க 15,000 ரூபாய் ஆகும்” என்கிறார். 2,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

பதில்: மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா.

சூனியம் வடசொல். வெறுமை, ஒன்றும் இல்லாமை என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். பூஜ்யத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. பில்லி, ஏவலோடு சேர்த்துச் சொல்லும்போதுதான் அது செய்வினையைக் குறிக்கும். உங்கள் தாளில் இருப்பது முதல் பொருள். பிறந்த திதியைப் பொறுத்துச் சில ராசிகளை வெற்று ராசிகளாக, பலம் குறைந்தவையாக எடுத்துக்கொள்வது ஜோதிடக் கணக்கு. துலாம், மகரம் என்றால் உங்கள் மகள் பிரதமையிலோ துவாதசியிலோ பிறந்திருப்பார். அந்தத் திதியில் பிறந்த எல்லாருக்கும் இதே இரண்டு ராசிகள்தான் அச்சாகும். அத்தனை பேருக்குமா ஒருவர் சூனியம் வைக்க முடியும்?

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் பிறந்தவர்களுக்குத் திதி சூனியமே கிடையாது. ஆனால் அமாவாசைப் பிள்ளை என்றாலே ‘பெரிய சூனியம்’ என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் இன்னொன்றும் கவனியுங்கள். நாட்காட்டியில் அமாவாசை என்று போட்டிருந்தாலும், திதி காலை பத்து மணிக்கே முடிந்து பதினொன்றுக்குக் குழந்தை பிறந்திருந்தால் அது பிரதமைதான். தேதியை வைத்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள், பிறந்த நேரத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜாதகம் அச்சிடும் மென்பொருள்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம். முப்பது பக்கம் அடிக்கிறார்கள், ‘வெற்று ராசி’ என்று பக்கத்தில் ஒரு சொல் போட மாட்டேன் என்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். பெண்ணைப் பெற்றவர்களின் பயம் அவருக்குத் தெரியும். அடுத்து, “வெளியே சொன்னால் பலிக்காது” என்பார். அவர் அப்படிச் சொன்ன அன்றே நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள்.

மகாராஷ்டிரத்தில் 2013-லும் கர்நாடகத்தில் 2017-லும் இப்படிச் சூனியம் என்று சொல்லி ஏமாற்றுவதைத் தடுக்கவென்றே சட்டம் இயற்றினார்கள். இங்கே மோசடிப் புகார் என்றுதான் போக வேண்டியிருக்கிறது. அதற்குத் தயங்க வேண்டாம். பணம் கொடுத்த விவரம், அவர் அனுப்பிய செய்திகள், ஜாதகத் தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். மனு ரசீதைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.