மாத்திரை போட்டால் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது

கேள்வி: எனக்கு வயது 34, டாக்டர். இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. போகும்போது எரிச்சல், வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டுகிறது. முதல் முறை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையே அடுத்த தடவைகளிலும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டேன். இரண்டு நாளில் சரியாகிவிடும், நிறுத்திவிடுவேன். இந்த முறை அது கேட்கவில்லை. அலுவலகக் கழிப்பறையிலிருந்துதான் தொற்றுகிறதா? கணவருக்கும் வருமா? கிட்னியைப் பாதித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று: 66 வயதான என் அம்மாவுக்குப் பொதுப் பரிசோதனையில் சிறுநீரில் கிருமி இருப்பதாக வந்திருக்கிறது. அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவரும் மாத்திரை போட வேண்டுமா?

பதில்: முதலில் இன்று செய்ய வேண்டியது. நீங்களாக வேறு மாத்திரைக்கு மாறாதீர்கள். இன்றோ நாளையோ ஒரு டாக்டரைப் பாருங்கள், யூரின் கல்ச்சர் கொடுங்கள், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை. இதுவரை போட்ட மாத்திரையின் பெயர், எத்தனை போட்டீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அட்டையையே எடுத்துப் போனால் இன்னும் நல்லது. நடுக்கத்தோடு காய்ச்சல், விலா எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கத்தில் வலி, வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது என்பதற்கான அறிகுறிகள் அவை.

இப்போது, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்போம். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் சிக்குவது ஈ.கோலை என்ற பாக்டீரியா. நம் எல்லோருடைய குடலிலும் இருப்பதுதான், அங்கே இருக்கும்வரை பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து நகர்ந்து சிறுநீர்த் துவாரத்துக்குள் போய்விட்டால்தான் சிக்கல். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்குச் சுமார் 20. பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருவதற்கு முக்கியக் காரணம் இந்த நீள வித்தியாசம்தான். சுத்தமாக இல்லாததால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உள்ளே போன கிருமிக்கு மெல்லிய இழைகள் உண்டு. அவற்றால் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் சிறுநீரோடு எல்லாமே அடித்துக்கொண்டு போய்விடுவதில்லை. சுவர் வீங்கிப் புண்ணாகிவிட்டால், சிறிதளவு நீர் சேர்ந்தாலே பை நிறைந்துவிட்டதாக மூளைக்குச் செய்தி போகும். நீங்கள் எழுதிய அந்த ‘மறுபடி முட்டுகிறது’ அதுதான்.

சரி, மாத்திரை ஏன் கேட்கவில்லை? ஆன்டிபயாட்டிக் மாத்திரை சிறுநீர்ப்பைக்கு மட்டும் போவதில்லை. பல மருந்துகள் குடலிலிருக்கும் கிருமிகளையும் தொடும். அங்கே அந்த மருந்துக்கு மசிகிறவை சாகும், மசியாதவை பிழைத்துப் பெருகும். அடுத்த முறை சிறுநீர்ப்பைக்கு ஏறுவது பெரும்பாலும் குடலிலிருந்து வரும் கிருமிதான். அது ஏற்கெனவே பிழைத்த கூட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தால், அதே மாத்திரையை எத்தனை போட்டாலும் பயன் இருக்காது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் தன் நோபல் உரையிலேயே, அளவு குறைத்து மருந்து எடுப்பவரின் உடம்பில் கிருமி மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எத்தனை நாள் என்பதும் மருந்தைப் பொறுத்தது. சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு ஒரே வேளையில் முடியும் மருந்தும் உண்டு, மூன்று நாள், ஐந்து நாள் போட வேண்டியவையும் உண்டு. எரிச்சல் நின்றது என்பது கணக்கில்லை. எழுதிக் கொடுத்த நாட்கள்தான் கணக்கு.

நீங்கள் எழுதியதில் கல்ச்சர் என்ற சொல்லே வரவில்லை. அப்படியானால் மூன்று தடவையும் வந்தது தொற்றுதானா என்பதுகூட உறுதியில்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, பால்வினைத் தொற்று, சிறுநீர்ப்பாதையில் கல் எல்லாமே எரிச்சல் தரும். பரிசோதனை இல்லாமல் மாத்திரை போட்டால் இருட்டில் கல் எறிகிற மாதிரிதான்.

கல்ச்சருக்குச் சிறுநீர் பிடிப்பதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை, டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். புதிய மாத்திரையின் முதல் வேளைக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பைத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்யுங்கள், டெட்டால் போன்றவை வேண்டாம். டப்பா மூடியைத் திறந்து, உட்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். டப்பாவின் உள்ளேயோ விளிம்பிலோ விரல் படக் கூடாது. ஒரு கையால் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு சிறுநீர் கழிக்கத் தொடங்குங்கள். முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நிறுத்தாமல், நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடியுங்கள். கடைசியில் வருவதும் வேண்டாம். மாதவிடாய் நாள் என்றால் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மற்ற வேலைகளை முடித்துவிட்டு மதியம் கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வசதியான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். தோலிலிருந்து ஒட்டிவந்த நாலு கிருமிகூட மதியத்துக்குள் பெரிய கூட்டமாகக் காட்டிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சேர்த்துவிடுங்கள்.

முடிவு வர இரண்டு மூன்று நாளாகலாம். ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் அல்லது அதற்கு மேல் ஒரே வகைக் கிருமி வளர்ந்திருந்தால், உங்களைப் போல எரிச்சலும் இருக்கும்போது, அது தொற்றுதான். எரிச்சல் இருக்கிறவர்களுக்கு அதைவிடக் குறைவாக வந்தாலும் சில நேரம் தொற்றாகவே எடுத்துக்கொள்வோம். பல வகைக் கிருமிகள் கலந்து வந்திருந்தால் பிடித்ததில் கோளாறு, மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். அதன் கீழே மருந்துகளின் பட்டியல் இருக்கும். எஸ் என்று போட்டிருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. எஸ் போட்டிருக்கும் எல்லாமே உங்களுக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை. வேலை செய்யக்கூடியவற்றில் வீரியம் குறைந்ததைத்தான் டாக்டர் தேர்ந்தெடுப்பார், பெரிய மருந்துகளைப் பின்னால் தேவைப்படும் என்று ஒதுக்கி வைப்பார். இருப்பதிலேயே பவரான மாத்திரை கொடுங்கள் என்று நீங்களே கேட்காதீர்கள். முடிவு வரும்வரை ஒரு மருந்தைத் தொடங்கி, பிறகு தேவையென்றால் மாற்றுவதும் வழக்கம்தான். இந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வந்தால் அதைப் பார்த்துத்தான் தொடங்குவோம்.

ஒரு வருடத்தில் மூன்று முறை, அல்லது ஆறு மாதத்தில் இரண்டு முறை தொற்று வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்போம். ரத்தச் சர்க்கரையை ஒரு முறை பார்த்துவிடலாம். ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. கல் இருக்குமோ, சிறுநீர் முழுதாக வெளியேறவில்லையோ என்ற சந்தேகம் இருந்தால் டாக்டரே எழுதுவார்.

அலுவலகக் கழிப்பறையை நீங்கள் சந்தேகப்படுவதில் பாதி சரி. இருக்கையில் உட்காருவதால் சிறுநீர்த் தொற்று வருவதில்லை. ஆனால் அந்தக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், முட்டினாலும் அடக்கிக்கொண்டு இருக்கிறீர்களா? அதுதான் வழிவிடுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி இந்தத் தொற்று வருகிற, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே நீராகாரம் எடுத்துவந்த 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை வழக்கத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருட முடிவில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை வந்த தொற்று, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறையாகக் குறைந்தது. செலவில்லாத ஒரு விஷயத்துக்கு இது சாதாரணப் பலன் இல்லை. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

கணவருக்கு இது தொற்றாது, அவருக்கு மாத்திரையும் தேவையில்லை. ஆனால் உடலுறவின்போது கிருமி சிறுநீர்த் துவாரத்துக்குள் தள்ளப்படுவது உண்டு. பிறகு எழுந்து சிறுநீர் கழித்துவிடுங்கள். விந்தணுக்கொல்லி பூசிய ஆணுறை பயன்படுத்தினால் மாற்றுங்கள், அது பிறப்புறுப்பிலுள்ள நல்ல கிருமிகளைக் கெடுத்து ஈ.கோலைக்கு இடம் கொடுக்கும். அவருக்கும் எரிச்சலோ கசிவோ இருந்தால் அது வேறு விஷயம், இருவருமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வாசனைத் திரவங்களால் உள்ளே கழுவுவது வேண்டவே வேண்டாம். எரிச்சலுக்குக் கடையில் தரும் சிரப் எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. கிரான்பெர்ரி சிலருக்குத் திரும்ப வராமல் தடுக்க உதவலாம், வந்த தொற்றைக் குணப்படுத்தாது.

கிட்னி பயத்துக்கு வருவோம். சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்று, ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. மேலே சொன்ன காய்ச்சல், நடுக்கம், முதுகு வலி ஆகியவற்றுக்கு மட்டும் பயப்படுங்கள். கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு எரிச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பேசத் தெரியாத குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். வலியே இல்லாமல் சிறுநீரில் ஒரே ஒரு முறை ரத்தம் போனாலும், தானாக நின்றாலும், கட்டாயம் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்று சில நேரம் அப்படித்தான் தலைகாட்டும்.

அம்மாவுக்கு மாத்திரை வேண்டாம். வயதான பெண்களில் நிறையப் பேருக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும், ஒரு தொந்தரவும் தராது. அதைக் கொல்ல மருந்து கொடுத்தால் கொஞ்ச நாளில் கிருமி திரும்ப வரும், மருந்துக்கு மசியாததாக வரும், அவ்வளவுதான். சிறுநீர் கலங்கலாகவோ வாடையோடோ இருப்பது மட்டும் மருந்துக்குக் காரணம் ஆகாது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பாதையில் சில அறுவை சிகிச்சைகளுக்குத் தயாராகிறவர்களுக்கும் மட்டும் தொந்தரவு இல்லாவிட்டாலும் கொடுப்போம். நாளைக்கு அம்மாவுக்கும் எரிச்சலோடு அடிக்கடி வரத் தொடங்கினால், ஆன்டிபயாட்டிக்கோடு நிறுத்தாமல், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் நின்றபின் அந்தப் பகுதி உலர்ந்து மெலிவதால்தான் பலருக்குத் தொற்று வருகிறது, கிரீம் அதைச் சரிசெய்யும். அம்மாவுக்கு மார்பகப் புற்று வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.